டைட்டான சைக்கிள் ஷூ போகப் போக லூஸ் ஆகாது

இந்த மாதமும் அதே கதைதான். நாற்பதைத் தாண்டியவர், வாராவாரம் ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் வரை போய்த் திரும்புகிறவர், சாதாரண பெடலை விட்டு, ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்கிற கிளிப்லெஸ்ஸுக்கு மாறியதில் இருந்து வலதுகாலில் மூன்றாவது நான்காவது விரல்கள் மரத்துப்போகின்றன என்று வந்தார். காலைப் பார்த்தேன். சுண்டுவிரல் ஓரத்தில் சிவந்த தடிப்பு, பெருவிரல் நகம் பாதி கறுத்திருக்கிறது. "ஷூ டைட்டா இருக்கிறது தெரியலையா சார்?" என்று கேட்டால், "தெரிஞ்சுது டாக்டர், போடப் போட லூஸ் ஆயிடும்னு சொன்னாங்க" என்கிறார்.

யார் சொன்னார்கள் என்று கேட்பதையே விட்டுவிட்டேன். விற்கிறவர் சொல்கிறார், கூட ஓட்டுகிற சீனியர் சொல்கிறார், யூடியூபில் ஒருவர் சொல்கிறார். பிசியோதெரபியோடு சைக்கிள் ஃபிட்டிங்கும் செய்கிற எனக்கு, முழங்கால் வலிக்கு அடுத்தபடியாக வருகிற புகார் இந்த மரத்துப்போதல்தான், அதில் பெரும்பாலும் பழி ஷூ மேல்தான் வந்து நிற்கிறது. அதனால் ஒரே தடவையாக, கொஞ்சம் கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

சைக்கிள் ஷூ இளகாது. தோல் செருப்பு இளகும், ஆபீஸ் ஷூ கொஞ்சம் இளகும், ஏனென்றால் அது தோல், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் சோல் மடங்குகிறது, மேல்பகுதி இழுபடுகிறது, வியர்வையில் நனைந்து காய்ந்து நம் காலின் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. சைக்கிள் ஷூவில் இதில் எதுவுமே நடப்பதில்லை. சோல் கார்பனாகவோ கெட்டி நைலானாகவோ இருக்கும், மடங்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள், நீங்கள் காசு கொடுப்பதே அதற்குத்தான். மேல்பகுதி பெரும்பாலும் செயற்கை இழை, நீளக்கூடாது என்று ஒட்டி இறுக்கப்பட்டது. விரல் நுனியிலும் குதிகாலைச் சுற்றியும் உள்ளே கெட்டியான வார்ப்பு வேறு. ஆறு மாதம் போட்டால் மேல்துணி ஓரிரு மில்லிமீட்டர் தளரலாம். ஆனால் சோலின் நீளமும் அகலமும் கடையில் வாங்கிய அன்று என்னவோ அதேதான், தூக்கிப் போடுகிற அன்றும் அதேதான். "இப்ப டைட்டா இருக்கட்டும், அப்புறம் சரியாயிடும்" என்றால், சரியாவது ஷூ அல்ல, உங்கள் நரம்பு உணர்வை இழக்கிறது, அவ்வளவுதான். வலி குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பயம்.

சூடாக்கி வடிவம் மாற்றுகிற ஷூக்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. பான்ட் மாதிரி சில நிறுவனங்கள் அப்படிச் செய்கின்றன, எலும்பு துருத்துகிற இடத்தில் கொஞ்சம் விலக்கிக்கொடுக்கலாம். அதை வைத்து ஒரு சைஸ் சின்ன ஷூவைப் பெரிதாக்க முடியாது.

இதன் தங்கச்சி ஒன்று உண்டு: இறுக்கமாக இருந்தால்தான் பவர் வீணாகாது என்பது. கிளிப்லெஸ் பெடலே பந்தயத்தில் இருந்து வந்தது, பனிச்சறுக்கு பூட்ஸின் பிணைப்பை வைத்து 1984இல் லுக் நிறுவனம் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதைப் போட்டு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். சரி, நீங்கள் இனோ இல்லையே. டிராக்கில் சில நிமிடம் ஸ்பிரின்ட் அடிக்கிறவர் எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கிக்கொள்ளட்டும். பிரவே என்கிற நெடுந்தூர ஓட்டத்தில் 200 கி.மீ.க்குக் கொடுக்கப்படும் நேரம் 13 மணி 30 நிமிடம். அத்தனை நேரமும் சென்னை வெயிலில் வீங்குகிற காலை, நகராத சோலுக்கும் நீளாத மேல்பகுதிக்கும் நடுவில் வைத்திருக்கப் போகிறீர்கள். குதிகால் அசையக்கூடாது, பாதத்தின் நடுப்பகுதி பிடித்திருக்க வேண்டும். விரல்கள் விரிய இடம் வேண்டும். இதில் பவர் எங்கேயும் ஒழுகிப் போவதில்லை.

அடுத்தது அகலம். இதைப் பற்றிக் கடைகளில் யாரும் வாயே திறப்பதில்லை. சைஸ் என்றால் நம்மூரில் நீளம் மட்டும்தான். நம் கால்களோ முன்பக்கம் அகலமானவை. இது என் அனுமானம் இல்லை, அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க 1 லட்சம் பேருக்கு மேல் பாத அளவு எடுத்தது, இந்தியப் பாதங்கள் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்றுதான் அதில் தெரியவந்தது. நமக்கென்று தனி சைஸ் முறையே வேண்டும் என்ற முன்மொழிவு அதில் இருந்துதான் வந்தது. செருப்பில்லாமலும் வார்ச்செருப்பிலும் வளர்ந்த கால் விரிந்துதான் இருக்கும், அது குறையில்லை, நல்ல கால். அந்தக் காலைக் கொண்டுபோய் ஒடுக்கமான இத்தாலிய ரேஸ் ஷூவில் திணித்துவிட்டு, "பிராண்டட் ஷூ, எப்படி மேடம் தப்பாகும்?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

அகலம் பத்தவில்லை என்றால் உடனே ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அகலம் ஏதோ கொஞ்சம் கூடும், ஆனால் நீளம் அதைவிட அதிகமாகக் கூடிவிடும். குதிகால் மேலே தூக்கும், அதைத் தடுக்க ஷூவை இறுக்குகிற டயலை முறுக்குவீர்கள், முறுக்கினால் மேல்பாதத்தில் அழுத்தும், திரும்பவும் மரத்துப்போகும். வளைவு தாங்கும் இடம் தள்ளிப்போய்விடும், பெடலில் மாட்டிக்கொள்ள சோலின் அடியில் திருகுகிற கிளீட்டைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தால் துளையில் இடம் இருக்காது. உங்கள் நீளத்திலேயே அகல மாடல் கேளுங்கள். ஷிமானோவில் பல மாடல்களுக்கு வைடு இருக்கிறது, லேக்கில் இருக்கிறது, சிடியில் மெகா என்ற பெயரில் வரும். ஷோரூமில் வைத்திருக்க மாட்டார்கள், வரவழைக்கச் சொல்லிக் காத்திருங்கள். இரண்டு மாதம் சாதாரண ஃபிளாட் பெடலில் ஓட்டினால் யாரும் சிரிக்கப் போவதில்லை, சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அளவு எடுப்பதை வீட்டிலேயே செய்யலாம். சாயங்காலம் எடுங்கள், காலையில் கால் சின்னதாகத்தான் இருக்கும். சுவரை ஒட்டி ஒரு தாள், குதிகால் சுவரைத் தொட, எழுந்து நின்று, எடை முழுக்கக் காலில் இருக்கும்போது இன்னொருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்தால் எடை மாறிவிடும். பேனா நேராக நிற்கட்டும். மிக நீளமான விரலுக்கு அளவெடுக்கணும், சிலருக்கு அது பெருவிரல் இல்லை, இரண்டாவது விரல். அகலத்துக்கு, பெருவிரல் மூட்டு துருத்துகிற இடத்தில் இருந்து சுண்டுவிரல் மூட்டு துருத்துகிற இடம் வரை. இரண்டு காலையும் அளந்துபாருங்கள், பெரிய கால் எதுவோ அதற்குத்தான் ஷூ. குழந்தை பெற்ற பிறகு பல பெண்களுக்குப் பாதம் நீண்டுவிடும், வளைவு தாழ்ந்துவிடும், அதனால் "கல்லூரியில் இருந்தே எனக்கு 38தான் மேடம்" என்பதை ஏற்க மாட்டேன், மறுபடி அளந்துகொண்டு வாருங்கள்.

ஓட்டத்துக்குப் போடுகிற ஷூவின் பெட்டியைப் பார்த்து அதே 42ஐ ஆர்டர் போடாதீர்கள். யு.கே. சைஸில் ஒரு எண்ணுக்கு ஏறத்தாழ 8.5 மி.மீ., ஐரோப்பிய சைஸில் ஒரு எண்ணுக்கு ஏறத்தாழ 6.7 மி.மீ. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒழுங்காகப் பொருந்தவே பொருந்தாது, ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய இடத்தில் முழுமையாக்கிக்கொள்கிறது. அந்த நிறுவனத்தின் அட்டவணையில் சென்டிமீட்டர் என்று ஒரு பத்தி இருக்கும், அதை மட்டும் நம்புங்கள்.

ஷூ கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நிற்பது. பாதம் ஓரத்தில் வழிகிறதா? முடிந்தது, திருப்பி அனுப்புங்கள், கலர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, எத்தனை சதவீதம் தள்ளுபடி என்றாலும் சரி. வழியவில்லை என்றால், ஓட்டும்போது போடுகிற அதே சாக்ஸைப் போட்டு மாட்டிப் பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் 5 மி.மீ. அளவு காலி இருந்தால் போதும், ஓட்டத்துக்குப் போடுகிற ஷூ அளவுக்குத் தேவையில்லை. விரல்களை மேலும் கீழும் ஆட்ட முடியணும். படிக்கட்டு ஓரத்தில் முன்பாதத்தை மட்டும் வைத்து அழுத்தி நின்று பாருங்கள், குதிகால் உள்ளே எழும்பக்கூடாது. அப்புறம் அப்படியே உட்கார்ந்து அரை மணி நேரம் டிவி பாருங்கள். எங்கே உறுத்துகிறதோ அங்கே மூன்று மணி நேரத்தில் புண் வரும். இவ்வளவும் முடியும் வரை கிளீட் பொருத்தாதீர்கள்! கிளீட்டின் பல் பதிந்த சோலை எந்தக் கடைக்காரரும் திரும்ப வாங்க மாட்டார்.

கிளீட்டுக்கு இரண்டு ஸ்குரூவா மூன்று ஸ்குரூவா என்பது முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஆனால் எல்லாரும் ஷூ வாங்கின பிறகுதான் கேட்கிறார்கள். ஷிமானோ 1990இல் மலைச்சைக்கிளுக்காகக் கொண்டுவந்த எஸ்பிடி வகைக்கு இரண்டு ஸ்குரூ, கிளீட் சின்னது, சோலுக்குள் பதுங்கியிருக்கும், நடக்கலாம். டீக்கடைக்கு இரண்டு தடவை இறங்குகிறவர், சிக்னலுக்குச் சிக்னல் கால் ஊன்றுகிறவர், ஆபீஸுக்கு ஓட்டுகிறவர் எல்லாருக்கும் இது போதும். மூன்று ஸ்குரூ கிளீட் பெரிய பிளாஸ்டிக், அதோடு டைல்ஸ் தரையில் நடந்து இடுப்பைக் காயப்படுத்திக்கொண்டவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள்.

கிளீட் எங்கே வைப்பது என்பதைத் தனியாகத்தான் எழுதணும், இங்கே சுருக்கமாக. பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் ஷூவின் வெளிப்புறத்தில் தடவிக் கண்டுபிடித்து டேப் ஒட்டுங்கள், பெடல் அச்சு இரண்டுக்கும் நடுவில் வரட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு நூல் பின்னால் தள்ளுங்கள், முன்னால் வேண்டாம், கெண்டைக்கால் கெஞ்சும். பாதத்தை ரூலர் வைத்த மாதிரி நேராக்காதீர்கள், நீங்கள் நடக்கும்போது பாதம் எப்படித் திரும்பியிருக்குமோ அப்படியே இருக்கட்டும். கிளீட்டில் குதிகால் கொஞ்சம் ஆட இடம் இருக்க வேண்டும்: ஷிமானோவின் மூன்று ஸ்குரூ வகையில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பு 0. லுக் கியோவில் சிவப்புதான் அதிகம், 9 டிகிரி, சாம்பல் 4.5, கறுப்பு 0. நிறத்தை மட்டும் நினைவு வைத்துக்கொண்டு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கி முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பெடலும் சோலும் மாறினால் சேடில் உயரத்தையும் மறுபடி பார்க்கணும். பெடலின் இறுக்கத்தை முதலில் முழுக்கத் தளர்த்தி வையுங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டிக் கழற்றிப் பழகிவிட்டுத் தெருவுக்குப் போங்கள். முதல் வாரம் எல்லாரும் விழுவார்கள் என்று பெருமையாகச் சொல்வதை நிறுத்தலாம், மணிக்கட்டு எலும்பு முறிந்து வருகிறவருக்கு அது வேடிக்கையாக இருப்பதில்லை.

ஓட்டும்போது எரிச்சலோ மரத்துப்போதலோ தொடங்கினால் முன்பக்க வாரை ஒரு சுற்று தளர்த்துங்கள், தாங்கிக்கொண்டு ஓட்டாதீர்கள். மூன்றாவது நான்காவது விரல்களுக்கு நடுவே ஓடும் நரம்பு தொடர்ந்து நசுங்கினால் தடித்துவிடும், மார்ட்டன்ஸ் நியூரோமா என்பார்கள், அப்புறம் செருப்புப் போட்டு நடந்தாலும் கல் மிதிக்கிற மாதிரி இருக்கும். ஷூவைக் கழற்றி ஒரு நாள் ஆகியும் மரத்தே இருந்தால் ஷூவை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இடுப்பு டிஸ்க்காக இருக்கலாம், பி12 குறைவாக இருக்கலாம், சைவம் சாப்பிடுகிறவர்களில் அதையும் அடிக்கடி பார்க்கிறேன்.

சர்க்கரை உள்ளவர்களிடம் மட்டும் கோபமாக இல்லை, கெஞ்சியே கேட்கிறேன். சர்க்கரைக்காக சைக்கிள் எடுத்தவர்கள் நம் குழுக்களில் நிறையப் பேர், நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் காலுக்கு உறுத்தல் தெரியாமல் போயிருக்கலாம், "எனக்கு ஷூ கச்சிதமா இருக்கு" என்று நீங்கள் சொல்வதை உங்கள் கால் சொல்கிறதா, மரத்துப்போன நரம்பு சொல்கிறதா என்று எனக்குத் தெரியாது. கிளிப்லெஸ் வாங்குவதற்கு முன் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கிற பாத உணர்வுச் சோதனை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள், சில நிமிட வேலை, வலிக்காது. உணர்வு குறைந்திருந்தால் இறுக்கமான ஷூவே வேண்டாம், அகலமான சோலுள்ள நல்ல ஃபிளாட் பெடல் ஷூ போதும். எது போட்டாலும் ஓட்டி முடித்ததும் சாக்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் விரலிடுக்கு வரை பாருங்கள், குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள். சின்னக் கொப்புளம்தானே என்று நீங்களே ஊசியால் குத்த வேண்டாம்.

ஃபிட்டிங்குக்கு என்னிடமோ வேறு யாரிடமோ வருகிறவர்கள் புதிய ஷூவோடு பழையதையும் எடுத்து வாருங்கள், இன்சோல் உள்ளேயே இருக்கட்டும், கிளீட்டைக் கழற்றிவிடாதீர்கள், அது தேய்ந்திருக்கிற விதத்தில் பாதி விவரம் கிடைத்துவிடும். சாக்ஸ் மட்டும் துவைத்ததாக இருந்தால் புண்ணியம்.