வேரிகேட்டட் ஜேடு: வெளுத்த விளிம்புக்குச் சோறு போடுவது யார்?

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கத்து நர்சரிகளில் 'வேரிகேட்டட் ஜேடு' என்று கேட்டால், சிவந்த தண்டில் விரல் நக அளவு இலைகள் ஜோடி ஜோடியாக அடுக்கிய சிறு செடி ஒன்றை எடுத்துத் தருவார்கள். இலை நடுவில் பச்சை, ஓரத்தில் தயிர் வெள்ளை. நல்ல வெயில் பட்டால் அந்த ஓரத்துக்கும் ஓரமாக ஒரு ரோஸ் கோடு ஓடும். பெயரில் ஜேடு இருந்தாலும் இது ஜேடு கிடையாது. அசல் ஜேடு கிராசுலா ஓவேட்டா. அதன் இலை பெரியது, தண்டு தடித்தது, நம் சித்திரை வெயிலில் சோர்ந்துபோகும். இது போர்ச்சுலக்கேரியா ஆஃப்ரா. தென்னாப்பிரிக்காவின் வறண்ட புதர்க்காடுகளில் யானைக்குத் தீனி. யானை ஒடித்துப் போட்ட கிளைகூட மண்ணில் கிடந்து வேர்விடும். அப்படிப்பட்ட முரட்டுச் செடி நம் வீட்டுத் தொட்டியில் ஐப்பசி தாண்டாமல் சாகிறது என்றால், காரணம் பெரும்பாலும் வெயில் அல்ல, தண்ணீர்தான். அதிலும் இதே செடியின் முழுப் பச்சை வகை தாங்குகிற தவறை இந்த இருநிறச் செடி தாங்காது.

ஏன் தாங்காது? இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. பச்சையம் இல்லாத இடத்தில் உணவு தயாராகாது. நடுவில் இருக்கும் பச்சைதான் தனக்கும், விளிம்புக்கும், தண்டுக்கும், வேருக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும். சம்பாதிக்கிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் நாலு பேர் என்ற வீட்டு நிலைமை. அதனால் வளர்ச்சி மெதுவாக இருக்கும். தண்ணீரை உறிஞ்சும் வேகமும் குறைவு. பச்சைச் செடி நான்கு நாளில் காயவைக்கும் தொட்டி, இதற்கு ஏழெட்டு நாள் ஈரமாகவே நிற்கும். அந்தக் கூடுதல் நாட்களில்தான் வேர் அழுகுகிறது.

வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கிளை வெட்டும் முறையும் புரிந்துவிடும். தளிர் நுனியில் வளரும் செல்கள் அடுக்கு அடுக்காக இருக்கின்றன: தோலாகும் மேலடுக்கு, அதற்குக் கீழே இரண்டாவது, உள்ளே மூன்றாவது. எப்போதோ ஒரு செல்லில் ஏற்பட்ட மரபணு மாற்றத்தால் ஓர் அடுக்கு முழுக்கப் பச்சையம் செய்யும் திறனை இழந்துவிட்டது. இருவித்திலைத் தாவரங்களில் இலையின் ஓரம் பெரும்பாலும் இரண்டாவது அடுக்கிலிருந்து உருவாகிறது. நடுப்பகுதியின் உட்சதையில் மூன்றாவது அடுக்கின் பங்கு அதிகம். இரண்டாவது அடுக்கு வெளுத்திருந்தால் வெள்ளை விளிம்பு. மூன்றாவது வெளுத்திருந்தால் ஓரம் பச்சை, நடு வெள்ளை. போர்ச்சுலக்கேரியாவில் இரண்டு வகையும் விற்பனைக்கு வருகின்றன. ஒரே உடம்பில் இரண்டு மரபு கொண்ட இத்தகைய செடிக்கு அறிவியலில் கைமெரா என்று பெயர்.

இந்த அடுக்கு ஒழுங்கு குலையாமல் இருக்கும்வரைதான் நிறம். பக்க மொட்டு ஒன்றில் பச்சை அடுக்கு மற்றதைத் தள்ளிவிட்டு முன்னே வந்தால், அங்கிருந்து முழுப் பச்சைக் கிளை கிளம்பும். அதன் ஒவ்வோர் இலையும் முழுதாகச் சமைக்கிறது, வேகமாக வளர்கிறது. விட்டால் ஒரே வருடத்தில் செடியையே மூடிவிடும். கண்ணில் பட்டதும் வெட்ட வேண்டும். கிளையின் நுனியைக் கிள்ளினால் போதாது. அது தாய்க்கிளையோடு சேரும் கணுவரை போய், குச்சி மிச்சம் வைக்காமல் எடுக்க வேண்டும். விட்ட குச்சியிலிருந்து வருவதும் பச்சையாகவே இருக்கும். நிழலில் வைத்ததால் பச்சையாகிவிட்டது என்று சொல்வார்கள். நிழல் மரபை மாற்றுவதில்லை. நிழலில் ரோஸ் மறையும், கணு நீளும், வெளிச்சம் போதாமல் இருநிறக் கிளை பின்தங்கும், பச்சைக் கிளை முந்தும். அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக, பச்சையே இல்லாமல் வெள்ளையும் ரோஸுமாக ஒரு கிளை வரும். பார்க்க அத்தனை அழகு. தாய்ச்செடியின் உணவில்தான் அது உயிர் வாழ்கிறது. வெட்டித் தனியே நட்டால் இருப்பு தீர்ந்ததும் சாகும். அழகுக்கு ஒன்றை விட்டுவைக்கலாம். நாலைந்து சேர்ந்தால் செடிக்குச் சுமை.

இலையை வைத்துக் கன்று எடுக்கும் ஆசையையும் விட்டுவிட வேண்டியதுதான். இந்தச் செடியின் இலை வேர் விடும், தளிர் விடுவது அபூர்வம். மஞ்சள் ஓரம் உள்ள ஸ்நேக் பிளாண்டை வளர்ப்பவர்களுக்கு இதே அனுபவம் வேறு வடிவில் இருக்கும்: இலைத் துண்டை நட்டால் கன்று வரும், மஞ்சள் ஓரம் மட்டும் வராது. புதுத் தளிர் உள் அடுக்குச் செல்லிலிருந்து புதிதாக முளைப்பதால் பழைய ஒழுங்கு அதற்குக் கிடைப்பதில்லை. அங்கே கிழங்கோடு பிரித்து நட வேண்டும். இங்கே மொட்டுள்ள குச்சியை நட வேண்டும்.

ரோஸ் கோடு பற்றி ஒரு வார்த்தை. பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் இருக்கும் பெட்டாலைன் குடும்ப நிறமிதான் இதன் சிவப்பு. அதிக வெளிச்சம், குளிர்ந்த இரவு, கொஞ்சம் தாகம் மூன்றும் சேரும்போது இது கூடும். மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கம் இரவுச் சூடு 20 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது நிறம் எடுப்பாகத் தெரிவது அதனால்தான்.

கள்ளி இனம்தானே, தண்ணீரே வேண்டாம் என்று விடுவதும் தப்பு. சதைப்பற்றுச் செடிகள் பலவும் பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். இரவில் வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் அதை எடுத்துச் சமைக்கும். இதன் தடயத்தை இந்திய மண்ணில்தான் ஒருவர் நாக்காலேயே கண்டுபிடித்தார். மெட்ராஸ் அரசின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று நாம் சொல்கிற ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பாகவும் நடுப்பகலில் சுவையற்றும் இருப்பதை 1813இல் கடிதமாக எழுதினார். நம் போர்ச்சுலக்கேரியா இரண்டு வழியும் தெரிந்தது. தண்ணீர் கிடைத்தால் சாதாரணச் செடிபோலப் பகலில் துளை திறந்து வேகமாக வளரும். காய்ந்தால் இரவு முறைக்கு மாறி, உயிரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகரும். ஆகவே நன்றாக வடியும் மண்ணும் வெயிலும் இருந்தால் கோடையில் தண்ணீர் கொடுப்பதே சரி. வடியும் என்பதுதான் நிபந்தனை.

நர்சரியிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றி பெரும்பாலும் வெறும் தென்னை நார்க்கழிவு இருக்கும். பொள்ளாச்சியில் மலிவாகக் கிடைப்பது, தூக்க இலகு, நர்சரிக்காரருக்கு நல்லது. அது தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும், நமக்கு அதுவே வினை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நிழலான இடத்தில் பழகவிட்டு, கழிவு காய்ந்ததும் விரலால் உதிர்த்து எடுங்கள், கழுவ வேண்டாம். அறுந்த வேர் ஆற இரண்டு மூன்று நாள் அப்படியே நிழலில் கிடக்கட்டும்.

கலவையை எடையில் அல்ல, ஒரே டம்ளரால் அளந்தால் போதும். 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை உடைத்த செங்கல் துண்டு 3 பங்கு, சலித்துக் கழுவிய எம்-சாண்ட் 3, செம்மண் 2, உமிக்கரி 1, மண்புழு உரம் 1. எம்-சாண்டைக் கழுவாமல் போடக் கூடாது. அதிலுள்ள கல்மாவு இரண்டு தண்ணீரில் அடியில் இறுகித் துளையை அடைத்துவிடும். பூச்சுவேலைக்கு விற்கும் பொடி மணல் வேண்டவே வேண்டாம். 6 அங்குல மண் தொட்டியில் நிரப்பி அரை லிட்டர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் வடிய ஆரம்பித்து, மேலே தேங்காமல் இருந்தால் கலவை சரி. செடிக்குப் பெரிய தொட்டி கொடுப்பது தாராளம் அல்ல: வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். வேர்க்கட்டியைவிட ஓர் அங்குலம் அகலம் போதும்.

மாடியானால் காலை வெயில் ஐந்து ஆறு மணி நேரம் படும் கிழக்கு ஓரம் நல்ல இடம். வீட்டுக்குப் பின்பக்கம் பொடக்காளியில் முருங்கை நிழல் விழும் இடமும் பரவாயில்லை. மாசி முடிவிலிருந்து வைகாசி வரை மதியத்துக்கு 50 சதவீத நிழல்வலை தேவை. வெள்ளைப் பகுதியில் பச்சையத்தோடு கூடவே காவல் நிறமிகளும் குறைவு. வெளிச்சத்தைச் செலவழிக்க வழியில்லாமல் கருகும். கருகிய ஓரம் பழுப்புக் காகிதம்போல நிற்கும், திரும்ப வெளுக்காது. சிமெண்ட் தரையின் சூடு தொட்டி வழியே வேரைத் தாக்கும் என்பதால் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்குத் தூக்காமல், இரண்டு மூன்று வாரத்தில் நேரத்தைக் கூட்டுங்கள்.

தண்ணீருக்கு நாள்கணக்கு ஒரு தோராயம்தான். 6 அங்குலத் தொட்டிக்குக் கோடையில் ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பல்லடம், உடுமலைப் பக்கம் வானம் மூடியிருந்தாலும் மண் சீக்கிரம் காயும். மேகத்தைப் பார்த்து ஏமாறாமல் விரலை விட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை படாத தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டு, மண் முழுக்கக் காய்ந்த பிறகே கொடுங்கள். மார்கழியில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கொடுக்கும்போது அடியில் வடியும்வரை கொடுக்க வேண்டும். தினமும் ஒரு கை தெளிப்பது ஆகாது. தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம்.

இலை சொல்வதையும் கேட்கலாம், ஆனால் மண்ணையும் தொட்டுப் பார்த்துவிட்டு. மண் காய்ந்து, இலை சுருங்கி, அழுத்தினால் மெத்தென்று இருந்தால் தாகம். ஊற்றினால் ஓரிரு நாளில் நிமிரும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை சுருங்கினால் வேர் செத்துவிட்டது, உறிஞ்ச ஆளில்லை என்று அர்த்தம். வாடுகிறதே என்று மேலும் ஊற்றுவது இங்கேதான் நடக்கிறது. இலை மஞ்சளாகி, கண்ணாடிபோல ஊடுதெரிந்து, தொட்டதும் கொட்டினாலும் அதே கதை. உடனே பிடுங்கி, தண்டைக் கீழிருந்து சிறிது சிறிதாக வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரியாத இடம் வரும்வரை, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சானிடைசரில் துடைத்துக்கொண்டு வெட்ட வேண்டும். மிஞ்சியதைக் குச்சியாக நடலாம்.

குச்சி நடத் தை முதல் பங்குனி வரை நல்ல பருவம். இருநிறம் தெளிவாக உள்ள, 8 முதல் 10 சென்டிமீட்டர் நீள, சற்றே முற்றிய கிளையை எடுத்து, அடி ஓர் அங்குலத்து இலைகளை உருவிவிட்டு, மூன்று முதல் ஐந்து நாள் நிழலில் வெட்டுமுகம் காயவிடுங்கள். காய்ந்த கலவையில் ஊன்றி, நாலைந்து நாள் கழித்து முதல் தண்ணீர், லேசாக. நான்கு வார வாக்கில் மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிப்பு தெரியும். வேர்விடும் பவுடருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

போர் தண்ணீர்தான் இந்தப் பக்கத்தின் தனிப் பிரச்சினை. சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் கிடைக்கும் வீடுகளுக்குக் கவலையில்லை. உப்புத்தண்ணி ஊற்றும் இடங்களில் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டும், மண்ணில் உப்பு சேரும், இலை நுனி கருகும். பிடித்துவைத்த மழைநீரைத் தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றி வடியவிட்டால் உப்பு கழுவிப்போகும். குளிர் மழைநாளில் இதைச் செய்ய வேண்டாம்.

உரம் கொஞ்சமே போதும்: தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், மாசி முதல் புரட்டாசி வரை மாதம் ஒருமுறை. தழைச்சத்து கூடினால் தண்டு நீண்டு தளதளவென்று ஆகி அழுகலுக்கு இடம்கொடுக்கும். ரோஜாவுக்கு ஊற்றும் கடலைப் புண்ணாக்குக் கரைசலை இங்கே கொண்டுவராதீர்கள்.

இலைக் கணுவில் பஞ்சுபோல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. தொட்டியில் எறும்பு சாரை ஓடினால் அதையும் தேடிப் பாருங்கள்; பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். சானிடைசரில் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ஒன்றிரண்டு மில்லி காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். வெயில் நேரத்தில் தெளித்தால் எண்ணெய்ப் படலத்தோடு வெள்ளை விளிம்பு வெந்துபோகும். மேலே சுத்தமாக இருந்தும் செடி தேறவில்லை என்றால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். அங்கும் வெள்ளை மாவு இருந்தால் பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, வேரைக் கழுவி, நிழலில் காயவைத்துப் புதுக் கலவையில் நட வேண்டும். கொட்டிய மண்ணை வேறு தொட்டியில் போடாதீர்கள்.