மாதப் பணத்துக்காக எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

மறுபடியும் ஒரு பவர் பத்திரம். மயிலாடுதுறைப் பக்கத்து அம்மா, எழுபதைத் தாண்டியவர். கணவர் மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர், பென்ஷன் கிடையாது. "மாசா மாசம் எட்டாயிரம் தர்றேன், வீட்ல நீங்களே இருங்க" என்று ஒரு ஃபைனான்ஸ்காரர் சொன்னதை நம்பி, வீட்டை விற்கக்கூட அவருக்கு உரிமை தரும் பொதுப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டார். சில மாதம் பணம் வந்தது. அப்புறம் வீடு வேறொருவருக்குக் கிரயமாகிவிட்டது. பத்திரத்தை வரி வரியாகப் படித்தேன். மாதப் பணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

"பேங்குக்குப் போயிருக்கலாமேம்மா?" என்றேன். "பேங்குல வீட்டப் பிடுங்கிக்குவாங்கன்னு சொன்னாங்க சார்."

இந்தப் பேச்சைக் கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை கேட்டு அலுத்துவிட்டேன். பிடுங்க மாட்டார்கள். நான் சொன்ன பேங்குக் கடனுக்கு ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்று பெயர். 2007 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, தேசிய வீட்டுவசதி வங்கி விதிமுறை வகுத்த கடன் அது. 60 வயதானவர், தான் குடியிருக்கும் வீட்டின்மேல் மாதாமாதம் பணம் வாங்கலாம். தவணை கட்ட வேண்டாம். வீடு உங்கள் பெயரில்தான் இருக்கும். பத்திரம் வங்கியில் இருப்பதால் வீடு வங்கியுடையதாகிவிடாது. வீட்டுக் கடன் வாங்கியவர்கள் எல்லோருடைய பத்திரமும் அங்கேதான் இருக்கிறது. 15 வருடமோ 20 வருடமோ கழித்துப் பணம் வருவது நின்றாலும், வட்டி ஏறினாலும், உங்களை வெளியே போகச் சொல்ல முடியாது. வீட்டு வரி, இன்சூரன்ஸ், பராமரிப்பு மூன்றையும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். இல்லையென்றால் வங்கி விற்று, மிச்சத்தை வாரிசுகளிடம் கொடுக்கும். விற்ற விலை கடனுக்குப் பற்றாவிட்டாலும் பிள்ளைகளிடம் பாக்கி கேட்க முடியாது.

வரும் தொகை பெரிதாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். 40 லட்சம் பெறுமான வீடு, அதில் 60 சதவீதம் கடன், 10 சதவீத வட்டி, 15 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 5,800 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். மொத்தம் கையில் கிடைப்பது 10 லட்சத்துச் சொச்சம், 24 லட்சத்தில் மீதியெல்லாம் வட்டி. வருமான வரி கிடையாது. மருந்துக்கும் அரிசிக்கும் ஆகும். பேத்தி கல்யாணத்துக்கு இதை நம்பாதீர்கள்.

வங்கிக்குச் சட்டக் கருத்து எழுதும்போது நம் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் எங்கே சிக்குகின்றன தெரியுமா? கோயில் தெருக்களில் அடிமனை தேவஸ்தானத்துக்கோ ஆதீனத்துக்கோ சொந்தம், கட்டடம் மட்டும் உங்களுடையது. அதற்கு இந்தக் கடன் கிடைக்காது. தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் பூர்வீக வீடும், பாகம் பிரியாத வீடும் அப்படித்தான். சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடாக, வில்லங்கம் இல்லாததாக இருக்க வேண்டும். முடியாதபோது தேடுவதை விட்டு, ஐம்பத்தைந்து வயதிலேயே மூலப்பத்திரத்தைத் தேடி எடுங்கள், பட்டாவை மாற்றுங்கள்.

வீட்டைப் பிள்ளை பெயருக்கே மாற்றும் செட்டில்மெண்ட் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மாதம் பணம் அனுப்புவான் என்று காத்திருப்பவர்களும் வருகிறார்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையின் பணம் நின்றுபோனால், 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவில் கோட்டாட்சியரிடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த வரி இல்லாவிட்டால் வழக்கு இழுக்கும்.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் எடுக்கும் ஐயாக்களே, வீட்டம்மா பெயரையும் கடனில் சேருங்கள். அப்போதுதான் இருவரில் கடைசியாக இருப்பவர் காலம்வரை வீடு நிற்கும். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போட்டபின் மனசு மாறினால் மூன்று வேலை நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல விதிமுறை இடம் தருகிறது. ஒரு கிளையில் தெரியாது என்றால் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள்.

மாதப் பணம் தருகிறேன் என்று வருகிற எவருக்கும் பவர் எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதியிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே நகலை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். கிரயம் பதிவாவதற்கு முன்பு வந்தால் செய்ய வழி உண்டு.