யாரும் கேட்காத பாட்டு உங்கள் திங்கட்கிழமைப் பட்டியலுக்குள் எப்படி நுழைகிறது?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நான் கேட்பதெல்லாம் தமிழ்ப் பாட்டு. ஆனால் திங்கட்கிழமை தோறும் ஆப் தரும் பட்டியலில், பெயரே கேள்விப்படாத மலையாள இண்டி (சினிமா சாராமல் சொந்தமாகப் பாட்டு வெளியிடும்) குழுக்களின் பாட்டு நாலைந்து வந்துவிடுகிறது. அதில் ஒன்றிரண்டு பிடித்தும் போகிறது. பக்கத்தில் நாங்கள் பேசுவதைப் போன் ஒட்டுக்கேட்கிறதா?"

இந்தப் பட்டியலைத் தயாரிக்க ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எதை முழுசாகக் கேட்டீர்கள், எதைப் பாதியில் தள்ளினீர்கள் என்ற விவரம் போதும். "போனுக்கு எல்லாம் தெரியும்" என்று இதை மந்திரம் மாதிரிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த யாரும் இதைத் திறந்து பார்த்துவிடலாம், அதுவும் ரசித்துப் பார்க்கலாம்.

பாட்டு ஆப்பான ஸ்பாட்டிஃபையின் வாராந்திரப் பட்டியல் 'டிஸ்கவர் வீக்லி' 2015 ஜூலையில் வந்தது. வாரம் 30 பாட்டு. இப்போதைய முழுச் செய்முறையைக் கம்பெனிகள் வெளியே சொல்வதில்லை. ஆனால் அடித்தளமான கணக்கு ஆய்வுக் கட்டுரைகளில் வெளிப்படையாகவே இருக்கிறது. அது பெயர் வாங்கியது பாட்டால் அல்ல, படத்தால். தன் பரிந்துரையை 10 சதவீதம் மேம்படுத்துபவருக்கு 10 லட்சம் டாலர் என்று நெட்ஃபிளிக்ஸ் 2006இல் போட்டி அறிவித்தது. சைமன் ஃபங்க் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு புரோகிராமர், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே தன் வழியை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தார். பரிசு 2009இல் வேறொரு அணிக்குப் போனது. ஆனால் அவர் காட்டிய வழிதான் நிலைத்தது.

அந்த வழி இதுதான். ஒரு பெரிய அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் ஒவ்வொருவருக்கும் குறுக்கே ஒரு வரிசை, பாட்டு ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி. கேட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் 1. மற்றதெல்லாம் காலி. நெட்ஃபிளிக்ஸ் கொடுத்த அட்டவணையிலேயே நூற்றுக்கு ஒரு கட்டம்தான் நிரம்பியிருந்தது. பாட்டு அட்டவணை அதைவிடக் காலியாக இருக்கும். காலிக் கட்டங்களில் என்ன எண் வரும் என்று ஊகிப்பதுதான் வேலை.

அதற்குச் செய்வது இது. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் சில எண்கள், பாட்டு ஒவ்வொன்றுக்கும் அதே அளவு எண்கள். நிஜத்தில் நாற்பது, நூறு என்று இருக்கும். நமக்கு இரண்டு போதும். கொளச்சல்காரர் ஒருவருக்கு (0.8, 0.5), ஒரு பாட்டுக்கு (0.9, 0.2) என்று வையுங்கள். முதலை முதலோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் பெருக்கிக் கூட்டினால் 0.72 + 0.10 = 0.82. அந்தப் பாட்டு அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு இதுதான் ஊகம். அவர் உண்மையிலேயே கேட்டிருக்கிறார், எனவே விடை 1 ஆக இருந்திருக்க வேண்டும். பிழை 0.18.

இனி எண்களைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். எவ்வளவு? பிழையில் பத்தில் ஒரு பங்கை எதிர்ப்பக்க எண்ணால் பெருக்கிச் சேர்க்கிறோம். அவருடைய முதல் எண் 0.8 + 0.1 × 0.18 × 0.9 = 0.8162. இரண்டாவது 0.5036. பாட்டின் எண்களும் அப்படியே 0.9144, 0.209 என்று நகரும். மறுபடி பெருக்கிக் கூட்டினால் 0.85. பிழை 0.18இலிருந்து 0.15க்கு இறங்கிவிட்டது. இதையே நிரம்பிய கட்டம் ஒவ்வொன்றுக்கும், காலிக் கட்டங்களை 0 என்று வைத்துக் குறைந்த எடையோடு அவற்றுக்கும், திரும்பத் திரும்ப, கோடிக்கணக்கான முறை செய்தால் எண்கள் தாமாக ஓர் இடத்தில் வந்து நிற்கும்.

இதில் எனக்கு அலுக்காத அதிசயம் ஒன்று உண்டு. முதல் எண் தாளமா, மொழியா, சோகமா என்று யாரும் அந்தக் கணக்குக்குச் சொல்லித் தரவில்லை. ஆரம்பத்தில் போட்டவை கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண்கள். கடைசியில் பார்த்தால் கிட்டார் மட்டும் வைத்துப் பாடும் மெதுவான பாட்டுகள் ஒரு பக்கம் கூடியிருக்கும், கானா இன்னொரு பக்கம். பாட்டைக் காதால் கேட்காமலே, கேட்டவர்களை வைத்து அது பாட்டுகளைப் பிரித்திருக்கிறது.

மார்த்தாண்டம் வாசகருக்கு விடை இங்கே இருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தன. ஆனால் கேரள எல்லையான களியக்காவிளையோடு மலையாளப் பாட்டு நின்றுவிடவில்லை. ஒரே காதில் இரண்டு மொழியும் போகும் ஆட்கள் இங்கே நிறைய. அவர்களுடைய வரிசையில் தமிழ் இண்டியும் மலையாள இண்டியும் சேர்ந்து நிரம்பியிருக்கும்போது, மேலே பார்த்த நகர்த்தல் இரண்டு பத்திகளையும் பக்கம் பக்கமாக இழுத்துவிடுகிறது. நீங்கள் ஒரு மலையாளப் பாட்டுகூடக் கேட்டிருக்க வேண்டாம். உங்களைப் போலத் தமிழ் இண்டி கேட்கும் இன்னொருவர் கேட்டிருந்தால் போதும். உங்கள் ஊர் எது என்பதும் இந்தக் கணக்குக்குத் தேவையில்லை.

இப்போது இண்டி இசைக்காரர்களின் கஷ்டத்துக்கு வருவோம். மூன்றே பேர் கேட்ட பாட்டின் எண்களை நம்ப முடியாது. அந்த மூவரும் தற்செயலாகக் கேட்டிருக்கலாம். அதனால் கணக்கில் ஓர் அபராதம் சேர்ப்பார்கள்: எண் பெரிதாகப் பெரிதாக அதன் வர்க்கத்துக்கு ஏற்ற தண்டனை. சான்று போதாத எண்கள் பூஜ்யத்தை நோக்கி இழுக்கப்படும். எளிமைக்காக, ரசிகர்கள் எல்லோருடைய எண்ணும் 1, பாட்டுக்கு ஒரே எண், அதன் சரியான மதிப்பும் 1 என்று வையுங்கள். ரசிகர் எண்ணிக்கை n, அபராத அளவு 10 என்றால், பிழைகளின் வர்க்கமும் அபராதமும் சேர்ந்த மொத்தம் மிகக் குறைவாக இருக்கும்போது பாட்டின் எண் n ÷ (n + 10).

போட்டுப் பாருங்கள். 3 பேர் கேட்டால் 3/13, அதாவது 0.23. 13 பேர் என்றால் 0.57. 30 பேர் என்றால் 0.75. ஒரு லட்சம் பேர் என்றால் 0.9999. அதே நல்ல பாட்டு, ஆனால் மூன்று பேர் கேட்ட நிலையில் அதன் பலம் கால் பங்குக்கும் கீழே. யாருடைய பட்டியலிலும் முதல் 30க்குள் அது ஏறாது, ஏறாததால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்காததால் எண்ணும் உயராது. வேண்டுமென்றே யாரும் இண்டியை ஒதுக்கவில்லை. நியாயமான ஓர் எச்சரிக்கையின் பக்கவிளைவு இது. அதே வாய்ப்பாடு இன்னொன்றும் சொல்கிறது: 3 பேர் 30 பேராக மாறும்போது எண் மூன்று மடங்குக்கு மேல் எகிறுகிறது, லட்சம் பேர் கேட்ட பாட்டுக்கு இன்னும் 27 பேர் சேர்ந்தால் ஒரு மாற்றமும் இல்லை. நாகர்கோவிலில் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 27 பேர் ஒரு புதுப் பாட்டை உண்மையாக உட்கார்ந்து கேட்பது கணக்கில் பெரிய சம்பவம். அபராத அளவை யார் எவ்வளவு வைப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், வளைவின் வடிவம் மாறாது.

எத்தனை முறை கேட்டீர்கள் என்பதற்கும் எடை உண்டு. ஹூ, கோரன், வொலின்ஸ்கி மூவரும் 2008இல் எழுதிய கட்டுரையில் கேட்காத கட்டத்துக்கு எடை 1, கேட்ட கட்டத்துக்கு 1 + 40 × முறை. ஐந்து முறை கேட்டால் 201. அவர்கள் டிவி பார்ப்பவர்களை வைத்துச் செய்தது, பாட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

நேற்று ராத்திரி ஏற்றிய பாட்டை ஒருவர்கூடக் கேட்டிருக்கமாட்டார். பத்தி முழுக்கக் காலி. அங்கே ஒலியையே பார்க்க வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் வான் டென் ஊர்ட், டீலெமன், ஷ்ராவன் மூவரும் 2013இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். பாட்டை மூன்று விநாடித் துண்டுகளாக எடுத்து, எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று ஒரு படமாக்கி, அந்தப் படத்தைப் பார்த்து மேலே சொன்ன எண்களை ஊகிக்க, உதாரணங்களிலிருந்து கற்கும் நியூரல் நெட்வொர்க் என்ற கணக்கு முறையைப் பழக்கினார்கள். துண்டுகளின் விடைகளைச் சராசரி எடுத்தால் பாட்டுக்கான எண் வந்துவிடும். ஆனால் வரியின் பொருள், பாடுபவரின் ஊர், அவருக்கு இருக்கும் பெயர், இதெல்லாம் ஒலியில் இல்லை.

நம் ஊர் வில்லுப்பாட்டை அதனிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வீசுகோல் பட்டதும் வில்லின் மணிகள் குலுங்குகின்றன, உடுக்கு ஏறி இறங்குகிறது, குடம் ஆழத்தில் ஒலிக்கிறது, புலவர் பாதி பேசிப் பாதி பாடுகிறார், பின்பாட்டுக்காரர் "ஆமாம்" போடுகிறார். பேச்சுத் துண்டையும் பாட்டுத் துண்டையும் சராசரி எடுத்தால் இரண்டுமில்லாத ஓர் எண்தான் மிஞ்சும். இதைச் சரிசெய்ய இந்த இசையிலேயே பழக்கிய கணக்கு வேண்டும். பார்சலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில், ஐரோப்பிய ஆராய்ச்சிப் பணத்தில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம் கர்நாடக இசையை அப்படிப் படித்தது. சென்னை ஐஐடியும் அதில் பங்கெடுத்தது. அருமையான வேலை. ஆனால் சுடலைமாடன் கொடையிலும் இசக்கியம்மன் கோயிலிலும் ஒலிப்பதைப் படிக்க நம் அரசின் காசு வர வேண்டாமா? ராக்கெட் செலவில்லை இது. நல்ல மைக், சில நூறு மணி நேரப் பதிவு, எந்த விநாடியில் பேச்சு, எந்த விநாடியில் பாட்டு என்று குறித்துவைக்கச் சம்பளத்துக்கு ஆட்கள். மாவட்டத்துக் கல்லூரிகளே செய்துவிடக்கூடிய வேலை.

இனி வாராந்திரப் பட்டியல் பகிர்பவர்களுக்கு. பட்டியலும் ஒரு தரவுதான். 2013இல் கூகிளின் மிக்கொலொவ் குழு, பக்கத்துப் பக்கத்துச் சொற்களை வைத்துச் சொல்லுக்கு எண்கள் தரும் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. பட்டியலை வாக்கியமாகவும் பாட்டைச் சொல்லாகவும் வைத்தால் அதே முறை பாட்டுக்கும் நடக்கும். ஆகவே 25 பாட்டும் புதுசாகப் போட்டால் அவை தங்களுக்குள் மட்டும் உறவாடித் தனித்தீவாக நின்றுவிடும். 25இல் 6 புதுசு போதும். ஒவ்வொன்றையும் அதே மாதிரி நிதானமும் வாத்தியமும் உள்ள, பலருக்குத் தெரிந்த இரண்டு பாட்டுகளுக்கு நடுவே வையுங்கள். கடைசியில் கொண்டுபோய்க் குவிக்காதீர்கள், அதுவரை பெரும்பாலோர் வரமாட்டார்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. நீளமான முன்னிசை உள்ள பாட்டென்றால், "ஒன்றரை நிமிடத்தில் தவில் நுழையும், அதுவரை பொறுங்கள்" என்று குரூப்பில் ஒரு வரி எழுதுங்கள். வாரா வாரம் புது லிங்க் அனுப்பாமல் ஒரே பட்டியலில் பாட்டுகளை மாற்றுங்கள். எடுத்த பாட்டுகளை 'பழையவை' என்று இன்னொரு பட்டியலில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் "போன மாசம் போட்டியே, அது எங்கே?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணைச் சொல்லி மட்டும் பகிராதீர்கள். சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், பிரபலமில்லாத குழுக்களின் 48 பாட்டுகளை 14,000க்கும் மேற்பட்டோர் முன் வைத்தார்கள். மற்றவர்கள் எத்தனை முறை டவுன்லோடு செய்தார்கள் என்று காட்டியதும் மேலே இருந்தது இன்னும் மேலே போனது, கீழே இருந்தது இன்னும் அமுங்கியது. தனித்தனியாகப் பிரித்த கூட்டங்களில் வெவ்வேறு பாட்டு முதலிடம் பிடித்தது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே அக்கவுண்ட் என்றால் பட்டியல் கெடும். குழந்தைப் பாட்டு, அம்மாவின் பக்திப் பாட்டு, மகனின் ராப் மூன்றும் ஒரே வரிசையில் விழுந்தால் வருவது யாருக்கும் பிடிக்காத நடுப்புள்ளி. கடற்கரை ஊர்களில் டிசம்பர் முழுக்கக் கேரல் ஓடினால் ஜனவரியிலும் மணியோசை விடாது. ஸ்பாட்டிஃபையில் அந்தப் பட்டியலின் மூன்று புள்ளி மெனுவில் அதை ரசனைக் கணக்கிலிருந்து விலக்கும் வசதி 2023இலிருந்து இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் பிரைவேட் செஷனைப் போட்டுக்கொள்ளலாம்.

இசைக்காரர்களுக்கு. வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்பு பாட்டை ஸ்பாட்டிஃபையின் பரிந்துரைக்கு அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் வெள்ளிக்கிழமை 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் அது சேரும். 2024இலிருந்து 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் எட்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை காசு தருவதில்லை. தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவதால், ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியலை மாற்றும்போது ரீமிக்ஸோ வேறு யாருடைய பாட்டோ வந்து விழும். அதைத் தடுப்பது பாட்டுக்கான 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண். கவர் படம் பிடிக்கவில்லை என்று பாட்டை இறக்கிவிட்டுப் புது எண்ணோடு ஏற்றினால் அது கணக்குக்கு வேறு பாட்டு, முதல் முப்பது பேரை மறுபடி தேட வேண்டும். உங்கள் பாட்டை ஆப்களில் ஏற்றித் தரும் விநியோகஸ்தரை மாற்றினாலும் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே கொடுத்து, அதே ஆடியோவை, அதே தலைப்பில் ஏற்றுங்கள்.