ஜவ்வு மாத்திரை வாங்கும் முன்

மூட்டு ஜவ்வு (குருத்தெலும்பு) தேய்ந்துவிட்டது என்றதும் கடலூரிலும் புதுச்சேரியிலும் பலர் மருந்துக்கடையில் கேட்பது குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் சேர்ந்த மாத்திரையை. முதலாவது பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருகிறது. இரண்டாவது மாடு, பன்றி, சுறாவின் குருத்தெலும்பிலிருந்து. சைவர்கள் அட்டையில் அசைவக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். உணவுப் பொருளாக விற்கப்படும் டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரியும் இருக்கும்.

விழுங்கிய குருத்தெலும்பு முழங்காலில் போய் ஒட்டாது. பெரும்பாலும் குடலிலேயே சிதைந்துவிடும். சுறாப்புட்டும் ஆட்டுக்கால் சூப்பும் நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். 2006-இல் அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து வெளியான ஆய்வில், தினம் 1,500 மி.கி. குளுக்கோசமைனும் 1,200 மி.கி. காண்ட்ராய்டினும் 24 வாரம் கொடுத்தும், ஒட்டுமொத்தத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி வலி குறையவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே சுமார் 60 சதவீதம் பேருக்கு வலி தணிந்தது. ஆகவே "எனக்குக் கேட்டுச்சு" என்பவர் சொல்வதும் உண்மையே. ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் மூன்று மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள் இதைத் தொடவே வேண்டாம்; ரத்தம் உறையும் அளவு மாறி ரத்தக்கசிவு வரலாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது பெயரில்லாத மூட்டுவலிப் பொடிகளுக்கு. மூட்டுக்கான சில மாத்திரைகளில் அட்டையில் சொல்லாத டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-இல் கண்டறிந்து எச்சரித்தது. இப்படி எதையாவது சாப்பிட்டு இரண்டே நாளில் வலி பறந்துவிட்டதா? முகம் உப்புகிறதா, சர்க்கரை ஏறுகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா? பாக்கெட்டோடு உடனே மருத்துவரிடம் போங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டுக்குப் பழகிய உடம்பு அப்போது தள்ளாடிப்போகும்.

தொடைத் தசையை வலுப்படுத்தினால் பலருக்கு முழங்கால் வலி குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 வினாடி நிறுத்துங்கள். ஒரு காலுக்கு 10 முறை, தினம் மூன்று வேளை. ஆறு வாரமாவது விடாமல் செய்யவேண்டும். பலர் இரண்டாம் வாரமே விட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறையும். தரையில் குந்தி மீன் அரியும் அக்காமார்கள் முழங்கால் உயர ஸ்டூலுக்கு மாறவேண்டும். வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறை நல்லது. கைத்தடியை வலிக்காத காலின் பக்கத்துக் கையில் பிடியுங்கள். மூட்டு திடீரெனச் சிவந்து சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது தேய்மானமல்ல. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.