நின்றால் விட்டுவிடும் நெஞ்சுவலி

"70 பர்சென்ட்தானே டாக்டர் அடைச்சிருக்கு, மீதி 30 திறந்துதானே இருக்கு?" இதய ரத்தக்குழாய்களைப் படம் எடுத்த ஆஞ்சியோ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலரும் இப்படிக் கேட்கிறார்கள். அந்த 70, குழாயின் விட்டத்தில் குறைந்த அளவு. விட்டம் அவ்வளவு குறைந்தால், ரத்தம் போகும் குறுக்குப் பரப்பில் மிஞ்சுவது 9 சதவீதம்தான்.

ஓட்டம் இதைவிடவும் கடுமையாகக் குறையக்கூடியது. பிரெஞ்சு மருத்துவர் புவாசெய், 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவத்தை ஓடவிட்டு அளந்தார். அழுத்தமும் நீளமும் மாறாமல் குழாயின் விட்டம் மட்டும் பாதியாகச் சுருங்கினால், ஓட்டம் 16-இல் ஒரு பங்காகிவிடும். 10 சதவீதம் சுருங்கினாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

அப்படியானால் பாதி அடைப்பிலேயே ஆள் படுத்துவிட வேண்டுமே? அப்படி நடப்பதில்லை. இதயத்தில் அடைப்பு பெரும்பாலும் குழாயின் சிறு பகுதியில்தான் இருக்கும். அதைத் தாண்டித் தசைக்குள் ஓடும் மிக மெல்லிய ரத்தக்குழாய்களான நுண்தமனிகள் தாமாகவே விரிந்து ஈடுகட்டும். கொஞ்சம் விரிந்தாலே ஓட்டம் நிறையக் கூடும். அதே கணக்கு இங்கே நமக்குச் சாதகம். ஆகவே விட்டம் 80 சதவீதம் அடைத்தவர்கூடச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது சுகமாகவே இருப்பார். அப்போது எடுக்கும் இசிஜியும் நார்மலாக வரலாம். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மாடி ஏறும்போது இதயம் கூடுதல் ரத்தம் கேட்கும். நுண்தமனிகளோ ஏற்கெனவே விரிந்து முடிந்திருக்கும், கையிருப்பு தீர்ந்திருக்கும். நடு நெஞ்சில் பாரமோ இறுக்கமோ எரிச்சலோ வரும், சிலருக்குத் தாடைக்கும் இடது கைக்கும் பரவும். நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். விட்டுவிடுவதால்தான் அதை கேஸ் என்று நினைத்து சோடா குடிக்கிறார்கள். சாப்பிட்டதும் நடந்தால் சீக்கிரம் வருவதும் அந்தச் சந்தேகத்தை உறுதியாக்கிவிடுகிறது. உண்மையில் சாப்பிட்ட பிறகு இதயத்துக்கு வேலை கூடுதல். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுவாங்கல் மட்டும் இருக்கலாம்.

அதனால் டாக்டரிடம் போனால் "நெஞ்சு வலிக்குது" என்பதோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, நின்றால் எவ்வளவு நேரத்தில் விடுகிறது, போன மாதத்தைவிட சீக்கிரம் வருகிறதா என்று சொல்லுங்கள். டிரெட்மில் போன்ற அடுத்த பரிசோதனை வேண்டுமா என்பதை இந்தப் பதில்கள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. புகைப்பவராக இருந்தால் அதையும் மறைக்காதீர்கள், ஒவ்வொரு சிகரெட்டும் குழாயைச் சுருக்குகிறது.

உட்கார்ந்தும் விடாத வலி, வியர்வையோடு வரும் வலி என்றால் காத்திருக்கக் கூடாது. கொழுப்புப் படிவு கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து குழாய் முழுதாக அடைபட்டிருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். தயவுசெய்து நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.