விசிட்டிங் கார்டில் இல்லாத வேலை

சனிக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் வேலை போன, அல்லது போகப்போகிற ஐடி ஆட்கள். பெயரைச் சொல்வதற்கு முன்னால் வயதைச் சொல்கிறார்கள். "நாப்பத்தாறு ஆச்சு மேடம்." ஏதோ வியாதியைச் சொல்வதுபோல. பெங்களூர் அல்சூரில் ஒரு தர்ஷினிக்கு, அதாவது நின்றபடியே சாப்பிடும் சின்ன ஹோட்டலுக்கு, மேல்மாடியில் என் ஆபீஸ். கீழேயிருந்து, ஒன்றை இரண்டாகப் பகிரும் பை டூ காபி வந்த பிறகுதான் மற்ற பேச்சு.

இருபது வருஷம் ஐடி கம்பெனிகளில் எச்ஆராக இருந்தேன். வேலைக்கு எடுத்த முகங்கள் மறந்துவிட்டன, அனுப்பிவைத்த முகங்கள்தான் நிற்கின்றன. கண்ணாடி அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலைநீக்கக் கவரை நீட்டியவள், 2023-ல் இந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்கியும் கொண்டேன்.

வேலையை விட்டு அனுப்புகிறவர்கள் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு எக்செல் ஷீட்தான். ஒரு கட்டத்தில் ஆளுக்கு ஆகும் செலவு, அடுத்த கட்டத்தில் அவருடைய நேரத்துக்கு கிளையன்ட் பணம் தருகிறாரா என்ற கணக்கு, அதாவது பில்லபிளா இல்லையா. சம்பள உயர்வு வாங்க வாங்க முதல் கட்டம் வீங்கும். மேனேஜர் ஆக ஆக இரண்டாவது கட்டம் காலியாகும். பிறந்த தேதியை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் தாமாகவே ஷீட்டின் மேல்வரிசைக்கு வந்துவிடுவார்கள். வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொண்டாடிய அதே புரமோஷன்தான் நம்மைக் கைவேலையிலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டி வந்துபோன ஒருவர். கிளையன்ட்டுக்கு ப்ராஜெக்ட்டை முடித்துக் கொடுக்கும் டெலிவரி மேனேஜர், இருபத்தொரு வருஷ அனுபவம், கையில் இரண்டு மாத நோட்டீஸ். ஒரு ஏஐ கோர்ஸில் சேரலாமா என்று கேட்க வந்திருந்தார். கட்டணம் மூன்றரை லட்சம், இஎம்ஐ வசதி உண்டாம். லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன்.

"போன திங்கட்கிழமை என்ன பண்ணீங்க? எழுதுங்க சார்."

'ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட்' என்று எழுதினார். அடித்தேன்.

"இது தலைப்பு. மதியம் ரெண்டு மணிக்கு யாரு போன் பண்ணாங்க, என்ன சொன்னாங்க?"

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "லண்டன் இன்சூரன்ஸ் கிளையன்ட். ஒரே கிளெய்முக்கு ரெண்டு தடவை பணம் போயிடுச்சுன்னு கத்தினாங்க. பசங்க புரோகிராமை அலசிட்டு இருந்தாங்க. நான், அது முடிஞ்சு திரும்பத் திறந்த கிளெய்மான்னு மட்டும் பாருங்கன்னேன். அதேதான்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"2011-ல இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு மேடம். ரீஓப்பன் பண்ணா பழைய பேமென்ட்டைக் கழிக்காம விட்டுடும். அதெல்லாம் பெரிய விஷயம் இல்ல."

அவருடைய நாலு பக்க ரெஸ்யூமேயில் 'கிளெய்ம்' என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் இருந்தது, அதுவும் ப்ராஜெக்ட் பெயரில். 'லீட்', 'டிரைவ்', 'மேனேஜ்' மட்டும் முப்பது தடவை. எத்தனை பேரை மேய்த்தார் என்று இருந்தது. இன்சூரன்ஸ் பணம் எந்த இடத்தில் ஒழுகும் என்று தெரிந்த மனிதர் அதில் இல்லை. வெளிநாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்கள், ஜிசிசி என்கிறோமே, அவை இந்தியாவிலேயே அதிகம் இருப்பது பெங்களூரில். இன்சூரன்ஸ், வங்கி, மருந்து என்று அவற்றுக்கு வேண்டியது அந்தத் துறையின் உள்சங்கதி தெரிந்த ஆள். நாற்பது பேரை மேய்க்க வேறு யாராவது ஏற்கெனவே அங்கே இருப்பார்.

இது எனக்குத் தொழிலில் வந்த ஞானம் என்று சொன்னால் பொய். நான் கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல் பொண்ணு. 2001 பிப்ரவரி 28-ல் தங்கச்சுரங்கம் மூடியபோது அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது. மாரிக்குப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வந்து அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஆனார். அந்த செக்யூரிட்டி ஏஜென்சியின் விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான், டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "மைன்ஸ்ல கூலின்னு போடும்மா" என்றார். போட்டேன். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும் சுரங்கங்கள், பாறை தானாக வெடித்துச் சிதறும் இடம். அங்கே இருபத்தெட்டு வருஷம் கூரைக்கு மரம் முட்டுக்கொடுத்தவர். எந்தக் கூரை நிற்கும், எது நிற்காது என்று சத்தத்தை வைத்தே சொல்வார். அந்தக் கட்டத்தில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது.

சரி, காகித விஷயத்துக்கு வருகிறேன். ஆவேசத்தில் ராஜினாமா கொடுக்கிறவர்கள் பணத்தை இழப்பது இங்கேதான்.

கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, நிரந்தர ஊழியர் என்றால் ஐந்து வருஷத் தொடர் சேவை வேண்டும். கிராஜுவிட்டிக்குக் கணக்கில் வரும் கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்குங்கள். அது 60,000 என்றால் ஐந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 1,73,000 ரூபாய். ஐந்து முடிய எட்டு மாதம் இருக்கும்போது மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவரை எனக்குத் தெரியும். அவருடைய கடைசிக் கணக்கை, ஃபுல் அண்ட் ஃபைனலைப் போட்டவளே நான்தான்.

அடுத்தது பிஎஃப். கம்பெனி மாறும்போதெல்லாம் எடுத்து பைக், ஃப்ரிட்ஜ் என்று செலவழித்த தலைமுறை நம்முடையது. அப்போது பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்திருந்தால் அந்த வருஷங்கள் பென்ஷன் கணக்கிலிருந்து அழிந்துவிடும். மொத்தம் பத்து வருஷம் சேர்ந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். 50-லிருந்தே வாங்கலாம், ஆனால் முந்துகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும். பத்துக்கு உள்ளே இருப்பவர்கள் 10சி படிவத்தில் பணம் கேட்காமல் ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் கேளுங்கள், வருஷக் கணக்கு உயிரோடு இருக்கும். பெரிய தொகை என்று ஆசை காட்டமாட்டேன். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் பெரும்பாலோருக்கு 15,000 ரூபாயை வைத்துத்தான் கணக்கு. பழைய மெம்பர் ஐடிகளை ஒரே யுஏஎன்-க்குள் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொண்டுவந்தாயிற்றா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். வெளியே வந்தபின் பழைய கம்பெனி எச்ஆர் உங்கள் போனை எடுக்கமாட்டார். நானும் எடுத்ததில்லை.

மெடிக்கல் இன்சூரன்ஸ்தான் எல்லாவற்றிலும் அவசரம். கம்பெனி எடுத்துத்தந்த குரூப் பாலிசி பொதுவாகக் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். உங்களுக்கு சுகர் இருக்கும், அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் பாக்கி இருக்கும். புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள வியாதிக்குக் காத்திருப்பு மூன்று வருஷம் வரை போகலாம், நான்காக இருந்ததை 2024-ல்தான் குறைத்தார்கள். அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் குரூப்பிலிருந்து தனி பாலிசிக்கு மாற்றித்தரக் கேளுங்கள், குரூப்பில் இருந்த வருஷங்கள் காத்திருப்பில் கழியும். பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும்.

கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கடிதம் நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டு வர்றேன்" என்றால் எதிரே இருப்பவருக்குக் கோபம் வராது, வருவதுபோல் நடிப்பார்.

கோர்ஸ் வேண்டவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. தாள் எழுதி முடித்த பிறகு, அதில் எந்த வரிக்குத் துணை தேவையோ அதற்குப் படியுங்கள். பிஎஃப் பணத்தைப் போட்டு டீக்கடை ஃபிரான்சைஸ் எடுக்கிறேன் என்பவர்களைத்தான் கெஞ்சியாவது நிறுத்துகிறேன். கேட்காதவர்களும் உண்டு.

ஓசூர்க்காரருக்கு ஐந்து மாதம் ஆனது. ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் ஜிசிசியில் கிளெய்ம்ஸ் பிரிவு. டீம் கிடையாது, சம்பளம் கால்பங்கு குறைவு. முதல் மாதம் "ரிப்போர்ட் பண்ண யாருமே இல்ல மேடம், கை நடுங்குது" என்றார்.

அந்த ஐந்து மாதத்தை விடக் கஷ்டமானது அவர் வீட்டில் சொல்லாமல் இருந்த முதல் ஆறு வாரம். அப்படி மறைத்தது அவர் மட்டுமில்லை. இன்னொருவர் லேப்டாப் பையோடு காலையில் கிளம்பி, ஏசிக்காக மெட்ரோ பர்ப்பிள் லைனில் வைட்ஃபீல்டிலிருந்து செல்லகட்டா வரை போய்த் திரும்பிக்கொண்டே இருந்தார். மகளின் சிநேகிதி பார்த்துவிட்டாள்.

அதனால் இப்போதெல்லாம் போனிலேயே சொல்லிவிடுகிறேன்: ரெஸ்யூமே வேண்டாம். மூன்று மாத சேலரி ஸ்லிப், பிஎஃப் பாஸ்புக், வீட்டுக்கடன் ஸ்டேட்மென்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. காபி ரெண்டு பை டூவாகச் சொல்லிக்கொள்ளலாம்.