எரிப்பும் மேய்ப்பும்

புல்வெளி கருகிக் கிடக்குது என்று மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் பட்டிக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். “எரிஞ்சதா, எரிச்சதா மனே?” என்றுதான் முதலில் கேட்பார். தானாக எரிந்தால் எரிதல், ஆள் வைத்தால் எரித்தல். தன்வினையும் பிறவினையும் அவருக்கு இலக்கண வகுப்பில் வந்தவையல்ல.

புல்வெளிக்குத் திட்டமிட்டு வைக்கும் தீயை ஆங்கிலத்தில் ‘பிரிஸ்கிரைப்ட் ஃபயர்’ என்பார்கள். அதைத் தமிழில் ‘பரிந்துரைக்கப்பட்ட தீ’ என்று எழுதுகிறார்கள். டாக்டரின் மருந்துத் துண்டை நினைத்துக்கொண்டு செய்த மொழிபெயர்ப்பு. மூலம் இலத்தீன்: ‘ப்ரே’ என்றால் முன், ‘ஸ்க்ரீபெரே’ என்றால் எழுதுதல். எந்த நிலத்துண்டை, எந்தக் காற்றில், புல் எவ்வளவு காய்ந்தபின் எரிப்பது என்று தீக்குச்சி உரசுமுன் எழுதிவைப்பதால் அந்தப் பெயர். சுட்டு ஆக்கிய தினைப்புனத்தைக் குறுந்தொகை 291ஆம் பாட்டு ‘சுடுபுனம்’ என்கிறது. ஆக, சொல்லுக்குப் பஞ்சமில்லை.

நான் ‘முறையெரிப்பு’ என்பேன். முறை என்றால் ஒழுங்கு, தவணையும்தான். அமெரிக்காவின் ஒக்லஹோமா, கன்சாஸ் புல்வெளிகளில் சில பண்ணைகள் ஆண்டுக்கு மூன்றிலொரு பங்கை மட்டும் எரிக்கின்றன. எரித்த இடத்தில் வரும் தளிரைத் தேடி மாடுகள் வேலியில்லாமலே போகும். மற்ற இரு பங்கும் ஆறும். அடுத்த ஆண்டு வேறு துண்டின் முறை.

மேய்ச்சலும் இப்படித்தான். மாடு மேய்வது மேய்ச்சல், ஆள் மேய்ப்பது மேய்ப்பு. மட்டக்களப்பில் பெரும்போக நெல் விதைக்கும்போது மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைகளின் பக்கம் மாடுகளைச் சாய்த்துப்போய், அறுவடை முடிந்தபின் வயலுக்கு இறக்குகிறார்களே, அது பெயரில்லாத ‘முறைமேய்ப்பு’.

எரிப்பையும் மேய்ப்பையும் பிரிக்கக்கூடாது என்பதற்கு இலுக்குப்புல்லே சாட்சி. முற்றிய இலுக்கின் ஓரம் கையை அறுக்கும், மாடு முகர்ந்துவிட்டு விலகும். எரித்தால் நிலத்துக்கடியில் கிடக்கும் கிழங்குவேர் சாகாது. கொஞ்ச நாளில் கரிக்கு நடுவே ஊசி ஊசியாய்த் தளிர் குத்திக்கொண்டு வரும். அந்தப் பருவத்தில் மாடு கடிக்கும். கடிக்க விடாவிட்டால் மற்றப் புல்லையும் அமுக்கிக்கொண்டு இலுக்கே பரவும். எரித்துவிட்டு மேய்க்காதவன் இலுக்குத்தான் பயிரிட்டிருக்கிறான்.

அரசு ஒதுக்கிவைத்த காட்டில் தீ வைப்பது இலங்கைச் சட்டப்படி குற்றம். எல்லையோரம் புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக்காமல், வறண்ட கச்சான் காற்று வீசும் நாளில் நெருப்பு வைத்தவனும் முறையெரிப்பு என்று சொல்லித் தப்பமுடியாது. அதற்கு ஊரில் வேறு சொல் இருக்கிறது: ‘கொளுத்திப் போட்டுட்டு வந்திட்டான்.’